விண்கலத்தில் ஒன்றுக்குப் போவது எப்படி

டிவியில் விண்வெளித் தொடர் ஓடும்போது எல்லோரும் கதையைப் பார்ப்பார்கள். நான் கால்சட்டையைப் பார்ப்பேன். தையல்காரன் கண்ணுக்கு வேறு என்ன படும்?

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் எங்கள் ஆரியசாலைச் சந்துக்குக் கேபிள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெளிநாட்டுத் தொடர் போடுவான். பெரிய கப்பல் ஒன்று ஆகாயத்தில் வருஷக்கணக்காகப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே நூற்றுக்கணக்கில் ஆட்கள். ஆணும் பெண்ணும் கழுத்திலிருந்து கணுக்கால்வரை உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு உடை. பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது, பை கிடையாது. தைத்த கோடுகூடக் கிடையாது.

பார்த்த முதல் நாளே மனைவியிடம் கேட்டேன்.

"இவன் எந்த வழியா இதுக்குள்ள ஏறினான்?"

"படத்தப் பாருங்க" என்றாள்.

அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அத்தனை பேர் இருக்கும் கப்பலில் ஒரு தையல்காரன் இல்லை. வருஷக்கணக்கில் போகிறார்கள், ஒருத்தனுக்கும் தொப்பை போடவில்லை. ஒருத்தியும் பிள்ளை பெற்ற பிறகு ரெண்டு இஞ்ச் பிரித்து விடச் சொல்லி வரவில்லை. பீரங்கி வெடித்துச் சுவரில் போய் மோதுகிறான், முட்டி கிழியவில்லை. சலூன் இல்லை, ஆனால் அத்தனை தலையும் நேற்று வெட்டியது போல இருக்கிறது. வேறு கிரகத்தில் இறங்கினால் அங்கே பச்சைத் தோலும் மூன்று கண்ணுமாக நிற்கிறவனும் இவனுடைய இங்கிலீஷையே பேசுகிறான். சாலைக் கடைவீதியில் ஒரு நூல்கண்டு வாங்க எனக்கு ரெண்டு பாஷை வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் கப்பலில் ஒருவனும் ஒன்றுக்குப் போவதில்லை. சண்டை மூன்று நாள் நடக்கும். கேப்டன் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

இதை நான் சொன்னால் சிரிக்காமல் கேட்டுக்கொள்ளும் ஒரே ஆள் என் மச்சான். மனைவியின் அண்ணன். வலியசாலையில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தத் தொடரைப் பார்ப்பார். அவர் வீட்டில் மகள் வேறு சேனல் வைத்திருப்பாள். எனக்கு ஆத்திரம் வருகிற இடத்தில் அவருக்கு ஆசை வரும். கேப்டன் கையை நீட்டி ஒரு உத்தரவு போட்டால் இவர் சோபாவில் நிமிர்ந்து உட்காருவார். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் எழுந்து பின்பக்கம் போய் வருவார். சர்க்கரை. அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் தாங்க முடியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

மச்சானுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன், அவருக்கு இன்னும் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. அப்போதே இருபது வருஷ சர்வீஸ். அந்த ஆபீசில் அவரைவிட நன்றாக மலையாளத்தில் பைல் எழுதுகிறவன் கிடையாது. ஆனாலும் அவர் பெயர் பாண்டி. "பாண்டி, ஆ பைல் எடுக்கு." "பாண்டி ஊணு கழிச்சோ?" சாப்பாடு ஆச்சா என்று கேட்டாலும் பாண்டிதான். தமிழ்நாட்டுக்காரனை இங்கே இளக்காரமாகச் சொல்வது அப்படித்தான். என்னையும் சொன்னார்கள், நான் திருப்பிச் சொன்னேன், நிறுத்திக்கொண்டார்கள். மச்சான் திருப்பிச் சொல்லாத ஆள். சிரித்துக்கொண்டே பைலை எடுத்துக் கொடுப்பார்.

திருவனந்தபுரத்தில் ஓணம் வாரம் முடிகிற அன்று சாயங்காலம் பெரிய ஊர்வலம் உண்டு. வெள்ளையம்பலத்தில் கிளம்பி, பாளையம், ஸ்டாச்சு வழியாகக் கிழக்குக் கோட்டைவரை. ஒவ்வொரு அரசு அலுவலகமும் ஒரு லாரியை ஜோடித்து அதன்மேல் ஆட்களை வேஷம் போட்டு நிறுத்தி அனுப்பும். ப்ளோட் என்பார்கள். பாளையம் பக்கம் பெரிய மனிதர்களுக்கு மேடை. அந்த மேடையைக் கடக்கும்போது நன்றாக இருக்க வேண்டும், அங்கேதான் பரிசு. மச்சான் ஆபீஸ் வருஷா வருஷம் மகாபலி சக்கரவர்த்தியை ஏற்றி அனுப்பித் தோற்றுக்கொண்டிருந்தது. ஊர்வலத்தில் எப்படியும் பத்து மகாபலி இருப்பார்கள்.

அந்த வருஷம் புதிதாக ஒரு சூப்பிரண்டு வந்தார். அவரும் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தொடரைப் பார்க்கிறவர். மகாபலி போதும், விண்வெளியில் மனிதனின் எதிர்காலம் என்று முடிவு செய்தார். லாரிமேல் விண்கலம். கேப்டன் வேண்டும். ஆபீசில் ஆறடி உயரமும் ஒட்டிய வயிறும் உள்ள ஒரே ஆள் மச்சான். சூப்பிரண்டுக்கு வேறு வழியில்லை.

மச்சான் ஆபீஸ் விட்டு நேராக என் கடைக்கு வந்தார். நடையே மாறியிருந்தது.

"மாப்ளே, நான்தான்வேய் கேப்டன்."

"எத்தன மணி நேரம் மச்சான்?"

"என்னது எத்தன மணி நேரம்?"

"லாரியில நிக்கது."

"நிக்கதில்ல. கேப்டனுக்கு நாற்காலி உண்டு. உக்காந்துதான் இருக்கணும்."

"சரி, உக்காந்து இருக்கது. எத்தன மணி நேரம்?"

விரல் விட்டு எண்ணினார். மத்தியானம் வேஷம் கட்டணும். மூணு மணிக்கு வரிசையில் நிக்கணும். அஞ்சுக்குக் கிளம்பும்னு சொல்லுவான், ஆறு ஆகும். கோட்டை சேர எட்டு. சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது.

"ஆபீஸ்ல சர்க்கரைன்னு யாருக்கும் தெரியாது மாப்ளே. சொன்னேன்னு வையும், அந்த ஸ்டோர் கீப்பரத் தூக்கி உக்கார வச்சிருவான். ஹீல்ஸ் செருப்பு போட்டு உயரமாக்கிருவான்."

"அப்ப சொல்லாண்டாம். வேற யாருக்காவது வாக்கு குடுத்திருக்கீங்களா?"

"மவகிட்ட சொல்லிட்டேன். காலேஜ் கூட்டுக்காரிகளோட ஸ்டாச்சுல வந்து நிக்கேன்னு சொல்லிருக்கா."

அங்கேதான் நான் பயந்தேன். அந்தப் பெண் வீட்டு வாசல் தாண்டினால் வாயில் தமிழ் வராது. பிறந்த ஊர் இது, படித்தது மலையாளம், அவளைக் குறை சொல்லி என்ன? ஒருநாள் அப்பாவைப் பார்க்க ஆபீசுக்குப் போனபோது "பாண்டியுடெ மோளு" என்று யாரோ சொல்லியிருக்கிறான். அதிலிருந்து அந்தப் பக்கம் போவதே இல்லை. அப்படிப்பட்ட பெண் தன் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருகிறேன் என்கிறாள். ஊரே பார்க்க லாரிமேல் கேப்டன் கால்சட்டை நனைந்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? பாண்டிக்கு முன்னால் இன்னொரு சொல் சேரும். ரிட்டயர் ஆகும்வரை அந்தப் பேர்தான். அது காலேஜ்வரை போகும்.

ரெண்டு நாள் கழித்து சூப்பிரண்டு கடைக்கு வந்தார். டிவி திரையையே கேமராவில் பிடித்த நாலு போட்டோ வைத்திருந்தார். என் வெட்டு மேஜையில் பரப்பினார்.

"அண்ணாச்சி, இது போலெ வேணம். பட்டன் பாடில்லா. ஜிப் பாடில்லா."

கூடாதாம். நான் கேட்டேன், "பின்னே எப்படி சார் உள்ள ஏறுவாங்க?"

"புறகில் திறந்து வை. ஆள் கேறிய பின்னே கையால தைச்சு மூடு."

"ஆள உள்ள வச்சுத் தைக்கதா?"

"அதே."

"ஒண்ணுக்கு வந்தா?"

சூப்பிரண்டு சிரித்தார். விவரம் தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"அண்ணாச்சீ, ஸ்பேஸில் ஆரும் மூத்ரம் ஒழிக்காறில்லா."

"சார் பார்த்திருக்கீங்களா?"

"எல்லா எப்பிசோடும் கண்டிட்டுண்டு. ஒரு தடவையும் இல்லா."

ராக்கெட் செய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் டிவித் தொடரைப் பார்த்து மனித உடம்பைப் பற்றி முடிவு செய்கிறான். அளவு எழுதிக்கொண்டேன்.

ராக்கெட் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிக்காரர் என் வாடிக்கை. பேன்ட் இடுப்பைப் பிரிக்க வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்த வாரம் வந்தார். இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டே கேட்டேன்.

"சார், வானத்துக்குப் போறவன் ஒண்ணுக்கு எப்படிப் போவான்?"

அவர் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டியூப் அண்ணாச்சி. டியூபும் பையும். அதுக்குன்னே படிச்ச ஆளுக உக்காந்து யோசிச்சிருக்கானுவ. நீங்க ராக்கெட்ட ஒட்டுக்கா மறந்தாலும் அத மறக்க முடியாது."

"டிவில காட்டவே இல்லையே சார்?"

"டிவில எது காட்டினான்? வாந்தியக் காட்டினானா? எடையில்லாத எடத்துல போனா மொத ரெண்டு நாளு பாதிப் பேரு வாந்திதான் எடுப்பான். பூமியிலேருந்து போற ஆளு பூமில உள்ள எல்லாத்தையும் வயித்துக்குள்ள எடுத்துட்டுத்தான போறான்?"

நான் அவர் இடுப்பில் ஒரு இஞ்ச் கூடுதலாகவே விட்டுக் கொடுத்தேன்.

துணி, காரை மூடிவைக்கும் வெள்ளி நிற உறைத் துணி. சாலைக் கடைவீதியில் பீஸ் கிடந்தது. பளபளப்புக்கு அதைவிட நல்லது இல்லை, காற்று மட்டும் ஒரு துளி நுழையாது. கேப்டன், ரெண்டு வீரர்கள், ஒரு வேற்றுக்கிரகவாசி என்று நாலு உடை. வேற்றுக்கிரகவாசி வேஷம் பியூனுக்கு. எதிர்காலத்திலும் பியூனுக்குப் பச்சைப் பெயின்ட்தான். டைப்பிஸ்ட் பெண்கள் ரெண்டு பேரும் வீரர்கள் பட்டியலில் இருந்தார்கள். "ஞங்கள் சுரிதார் இடும்", சுடிதார்தான் போடுவோம் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். சூப்பிரண்டு அவர்கள் பேரை அடித்தார். அவர்கள் இடத்துக்கு ரெண்டு கிளார்க் பையன்கள் வந்தார்கள். அந்த ஆபீசில் மூளை இருந்தது அந்த ரெண்டு பேருக்குத்தான்.

மச்சான் உடைக்கு மட்டும் வயிற்றுக்கு முன்னால் ஒரு பெட்டி செய்தேன். அட்டைப் பெட்டி, மேலே வெள்ளித்தாள், நாலு சீரியல் பல்பு, ஒரு பழைய ரேடியோ திருகு. கேப்டனுக்கு மட்டும் உள்ள கன்ட்ரோல் பெட்டி என்று சூப்பிரண்டிடம் சொன்னேன். "உக்ரன்!" என்றார், பிரமாதமாம். பெட்டிக்குப் பின்னால் துணியில் ஒரு திறப்பு. மூன்று பிரஸ் பட்டன். பெட்டியின் அடியில் ஒரு புனல். புனலிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கறுப்பு டியூப், கால் பக்கமாக இறங்கி நாற்காலிக்குக் கீழே. நாற்காலி, கடைவீதியில் ஒரு சலூனில் வாடகைக்கு எடுத்த சுழல் நாற்காலி. அதன் பின்னால் பிளைவுட் பலகைக்கு மறைவில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். உலகத்தில் யாரும் காட்டாததை நான் செய்து முடித்தேன். இதைவிட உண்மையான விண்கலம் எந்த டிவியிலும் வந்ததில்லை.

மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள், "எண்ணெய்ப் புனல எங்க காணோம்?"

"உங்க அண்ணன் வானத்துக்குக் கொண்டு போறாரு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே சிரிப்பு கேட்டது. "திரும்பக் கொண்டு வராண்டாம்!" என்றாள்.

மச்சானுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"வேய், இது அசிங்கம்லா?"

"நனைஞ்சா இதவிட அசிங்கம்."

ஊர்வலத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு ஒத்திகை பார்த்தோம். சலூன் நாற்காலியில் உடையோடு உட்கார வைத்தேன். கருவி எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. முகம்தான் காட்டிக் கொடுத்தது. டியூபில் சத்தம் வந்த உடனே கண்ணை மூடினார். வாய் லேசாகத் திறந்தது. கோயிலில் தீபாராதனை பார்க்கிற முகம்.

"மச்சான், இந்த மூஞ்சியப் பாத்தா ஒரு பச்சப் பிள்ளைக்குக்கூட தெரிஞ்சிரும்."

"தானா வருது மாப்ளே."

"கண்ண மூடாதீங்க. எதுத்தால தூரத்துல ஒரு நட்சத்திரம் இருக்கு. அதையே பாருங்க. பல்லக் கடிச்சுக்கிடுங்க."

மறுபடி தண்ணீர் குடித்து, மறுபடி உட்கார்ந்து, ஏழு தடவை. கடைசித் தடவை எதிரே மாட்டியிருந்த பள்ளிக்கூட யூனிபார்மைப் பார்த்துக்கொண்டு கல்லைப்போல் இருந்தார். எனக்கே பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஆபீஸ் பின்பக்கத்தில் வைத்து நாலு பேரையும் உடைக்குள் ஏற்றி முதுகைத் தைத்தேன். முப்பது வருஷத் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் ஆளை உள்ளே வைத்துத் தைத்ததில்லை. பியூன் கேட்டார், "அண்ணாச்சி, இனி எப்போழா புறத்து?" கோட்டை சேர்ந்த பிறகு என்றேன். முகம் பச்சையாக இருந்ததால் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை.

லாரிமேல் விண்கலம் நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம் ஒரு தார் டின்னைப் படுக்கவைத்து வெள்ளைப் பெயின்ட் அடித்து ராக்கெட்டின் வால். புகை வரவேண்டும் என்று சூப்பிரண்டு பிடிவாதம். கடைவீதியிலிருந்து சாம்பிராணி வாங்கி, ஒரு சட்டியில் கங்கு போட்டு, வாலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக் கோயில் வாசம் அடித்தது. எதிர்காலம் இப்படி மணக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நான் மட்டும் சாம்பிராணியை இன்னும் ரெண்டு கை போடச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு வரிசை. வெயில். கார் உறைத் துணிக்குள் நாலு பேரும் அவிந்தார்கள். மச்சானிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் சம்பாரம் கொண்டு வந்தார்கள். இஞ்சியும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்ட நீர்மோர், ஜில்லென்று, இலவசம். நான் லாரியின் அந்தப் பக்கம் போய் வருவதற்குள் மச்சான் நாலு டம்ளர் குடித்திருந்தார்.

"மச்சான்!"

"கேன் இருக்குல்லா" என்றார்.

ஊர்வலம் ஆறரைக்குத்தான் நகர்ந்தது. அதற்குள் கேனில் பாதி இருந்தது. நான் லாரிக்குப் பக்கத்திலேயே நடந்தேன், சட்டைப் பையில் கத்திரி, காலரில் ஊசி நூல். சூப்பிரண்டு சரிகைக் கரை போட்ட கசவு முண்டு கட்டிக்கொண்டு பேனருக்குப் பின்னால் லாரிக்கு முன்னால் நடந்தார். கொஞ்ச தூரத்தில் பியூன் லாரியிலிருந்து குதித்து என்னிடம் வந்தார். காலை ஒட்டி ஒட்டி வைத்து நடந்தார்.

"அண்ணாச்சி. கத்ரி."

ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் வைத்து முதுகை வெட்டி வெளியே எடுத்தேன். திரும்ப ஏற்றித் தைத்தேன். வேற்றுக்கிரகவாசி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பச்சைப் பெயின்ட் ஒட்டியது. அவரால் இறங்க முடிந்தது. கேப்டனால் முடியாது. கேப்டன் இறங்கினால் கப்பலே இல்லை.

மேலே மச்சான் அசையாமல் இருந்தார். ஜனங்கள் கை காட்டினால் லேசாகத் தலையை ஆட்டுவார். அவ்வப்போது பார்வை தூரத்துக்குப் போகும், தாடை இறுகும். நான் புரிந்துகொள்வேன். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார், "எந்தொரு கௌரவம் நோக்கு!" கம்பீரத்தைச் சொல்கிறார். உள்ளே நடந்தது எனக்கும் எண்ணெய்ப் புனலுக்கும்தான் தெரியும்.

பாளையத்தில் மேடை கண்ணுக்குத் தெரிந்தது. மைக்கில் ஒவ்வொரு ப்ளோட்டையும் ஒருவர் வர்ணித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் ரெண்டு மகாபலிகள். டிரைவர் முன் லாரியை நெருங்கிப் போய்விட்டு மேடைக்கு நேர் எதிரே சட்டென்று பிரேக் போட்டார். பின்னால் பலகைக்குள் மடார் என்று ஒரு சத்தம். நான் அப்படியே நின்றுவிட்டேன். கேன் சாய்ந்துவிட்டது. மூடி கிடையாது, டியூப் செருகுவதற்காக நான்தான் எடுத்திருந்தேன்.

பலகை இடுக்கு வழியாக, தார் டின்னுக்குள் இறங்கி, ராக்கெட்டின் வாலிலிருந்து ஒரு கை பருமனுக்கு ரோட்டில் கொட்டியது. நாலு டம்ளர் சம்பாரம். அதற்கு முன் குடித்தது. முந்தின நாள் ஒத்திகைக்குக் குடித்ததும் சேர்ந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நிற்கவே இல்லை.

"மச்சான், கேன்!" என்று கத்தினேன்.

அவருக்குக் கேட்டது. காது சிவந்தது, நான் பார்த்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. மேடையில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களையும் பார்த்து, வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய், கல்லைப்போல் ஒரு சல்யூட் வைத்தார்.

கூட்டத்தில் ஒரு அம்மா கத்தினாள், "தே, ராக்கெட்டு சோருந்நே!" ஒழுகுகிறது என்று. எனக்கு உயிர் போய்விட்டது. அதற்குள் மைக்கில் குரல் வந்தது.

"கண்டோ, கண்டோ! இந்தனம் வரெ சோருந்நு! எந்தொரு ஒரிஜினாலிட்டி!"

எரிபொருள்கூட ஒழுகுகிறதாம். கைதட்டல் எழுந்தது. சாம்பிராணிப் புகைக்குள் அந்தக் கேப்டன் சல்யூட் வைத்தபடி இருக்க, கீழே ராக்கெட் ஒழுகிக்கொண்டிருக்க, பாளையம் முழுக்கக் கைதட்டியது.

சூப்பிரண்டு முன்னாலிருந்து ஓடிவந்தார். ரோட்டில் குனிந்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாம்பிராணி கைவிடவில்லை.

"அண்ணாச்சி, இது எந்தா?"

"பியூல் சார்."

"ஆருடெ ஐடியா?"

"கேப்டனோட ஐடியா சார். முழுக்க அவருடையதுதான்."

சூப்பிரண்டு மேலே பார்த்தார். "பாண்டி கொள்ளாமல்லோ" என்றார். பரவாயில்லையே என்று அர்த்தம். விரலைத் தன் கசவு முண்டில் துடைத்துக்கொண்டு முன்னால் போனார்.

ஸ்டாச்சுவில் கூட்டம் நெருக்கியடித்தது. மகள் ஒரு கடைப் படியில் ஏறி நின்றிருந்தாள், சுற்றி ஏழெட்டுப் பெண்கள். லாரியைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு கத்தினாள்.

"அப்பா! அப்பா, இங்க பாருங்கப்பா!"

தமிழில்தான் கத்தினாள். யோசித்துக் கத்தியிருக்க மாட்டாள். மச்சான் அதுவரை வைத்திருந்த கேப்டன் முகம் அங்கே கலைந்தது. சிரித்துவிட்டார். நல்லவேளை, கேன் அப்போது காலி. டியூபும் அந்த நேரம் சும்மாதான் இருந்தது என்று பிறகு சத்தியம் செய்தார்.

ஆறுதல் பரிசு ஒன்று கிடைத்தது. சூப்பிரண்டு அதைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் மறுபடி கடைக்கு வந்து, அந்த ஒழுகல் ஐட்டத்தை இன்னும் பெரிதாக, ரெண்டு பக்கமும் வருவது போல் செய்ய முடியுமா என்று கேட்டார். அதற்கு ரெண்டு கேப்டன் வேண்டும் என்றேன். என்னவோ கணக்குப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆபீசில் பாண்டி போகவில்லை. அதெல்லாம் ஒரு லாரியில் போகிற விஷயம் இல்லை. ஆனால் முன்னால் ஒரு சொல் சேர்ந்தது. கேப்டன் பாண்டி. நான் பயந்த சொல் அது இல்லை. மகள் ரெண்டு தடவை ஆபீசுக்குப் போய் வந்தாள் என்று மச்சான் என்னிடம் சொன்னார், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் தொடர் பார்க்க வந்தார். பெரிய சண்டை. கப்பல் குலுங்குகிறது, பொறி பறக்கிறது, ஆட்கள் விழுகிறார்கள். கேப்டன் நாற்காலியில் அசையாமல் திரையைத் தாண்டி எங்கோ தூரத்தைப் பார்க்கிறான். தாடை இறுகியிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் என் தொடையில் தட்டினார்.

"அவன் மூஞ்சியப் பாரும்வேய். நட்சத்திரத்தையே பாக்கான்."

பார்த்தேன். ஆமாம்.

"கீழ கேன் இருக்கு" என்றார் மச்சான். "கண்டிப்பா இருக்கு. நாமதான் அவனத் தப்பாப் பேசிட்டோம்."

விளம்பரம் வந்தது. எழுந்து பின்பக்கம் போனார்.